இரண்டாவது புள்ளி மினுங்கும்வரை

ஜனவரி 5

இந்த டைரியைக் கொடுத்தது என் அக்கா மகள் ஆவுடைச்செல்வி. அவள் இருக்கிற வானியல் ஆராய்ச்சி நிலையத்தில் புதுவருஷத்துக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்களாம். "மாமா, என்கிட்ட சொல்ல வாரதையெல்லாம் முதல்ல இதுல எழுதுங்க. மிச்சம் இருந்தா சாயங்காலம் நான் வந்ததும் சொல்லுங்க" என்றாள். என் வாழ்க்கை எழுதி வைக்கப்பட வேண்டியது என்று பெங்களூரில் ஒருத்திக்காவது தெரிந்திருக்கிறது.

நான் சங்கரபாண்டி. சங்கரன்கோவில் 'பாண்டி ஒலி ஒளி' உரிமையாளர். தென்காசி ஜில்லாவில் நான் சீரியல் செட் கட்டாத கோயில் கிடையாது. நான் பல்பில் கட்டிய அம்மன் ஒருமுறை கண்ணைச் சிமிட்டியதைப் பார்த்து ஒரு தாசில்தாரே விழுந்து கும்பிட்டார். படிப்பு எட்டாவது. அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை.

பெங்களூர் வந்தது முழங்காலுக்காக. தோரணம் கட்டும்போது ஏணியிலிருந்து நான் விழுந்துவிட்டதாக ஊரில் பேச்சு. விழுந்தது ஏணி. நான் அதனுடன் கூடவே வந்தேன், அவ்வளவுதான். இங்கே ஆஸ்பத்திரியில் காலை மடக்கி நீட்டப் பழக்குகிறார்கள். சித்திரை வரை ஆகுமாம். அதுவரை செல்வியின் வீட்டில் ஜாகை, சமையல் என் பொறுப்பு.

ஜனவரி 7

ஒரு பெரிய ஏமாற்றம். வீட்டில் தொலைநோக்கி இல்லை.

"எங்கட்டி அது? மாடியில வச்சிருக்கியா?"

"அது கடல் தாண்டி ஒரு மலைமேல இருக்கு மாமா. படம் மட்டும்தான் எனக்கு வரும்."

"அப்ப நீ வானத்தைப் பாக்கவே மாட்டியா?"

"பாப்பேன். துணி காயப்போடும்போது."

கம்ப்யூட்டரில் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம், அதில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். நட்சத்திரங்களை இப்படி நிறத்தைத் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பார்களாம். எள்ளுருண்டையை நசுக்கினாற்போல் இருந்தது. அதே இடத்தை வேறொரு ராத்திரி எடுத்த படம் இன்னொன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாள். புள்ளிகள் மொத்தமும் காணாமல் போயின!

"மாறாம இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும் மாமா. இடையில வெளிச்சம் கூடுனது, குறைஞ்சது மட்டும்தான் மிஞ்சும்."

மிஞ்சியதில் பெரும்பாலும் உருண்டையான ஒற்றைப் புள்ளிகள். அவையெல்லாம் சாதாரண மினுங்கல் நட்சத்திரங்களாம், அவளுக்கு வேண்டாதவை. பிறகு ஒன்றைப் பெரிதாக்கினாள். நீளவாக்கில், நடுவில் இடுப்பு சிறுத்து இருந்தது.

"என்னட்டி, நிலக்கடலை மாதிரி இருக்கு?"

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். "கரெக்ட் மாமா. ஒட்டிக்கிட்டு ரெண்டு புள்ளி, ரெண்டும் மினுங்குது. ரெண்டு வருஷமா இந்த மாதிரி ஒண்ணைத்தான் தேடுதேன்."

அதற்கு நீளமாக ஒரு நம்பர்தான் பெயர். இன்றிலிருந்து அது கடலை. பெயர் வைத்தது நான்.

ஜனவரி 8

கடலையைப் பற்றி முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செல்வி இரண்டு முறை சொன்னாள். முதல் முறையே புரிந்துவிட்டது. இரண்டாவது, அவள் சரியாகச் சொல்கிறாளா என்று பார்க்க.

தூரத்தில் குவேசார் என்று ஒன்று. ராட்சதக் கருந்துளை. சுற்றியுள்ள வாயுவெல்லாம் அதற்குள் விழும்போது சூடேறி, கோடி கோடி சூரியன் சேர்ந்த மாதிரி எரிகிறது. தீனி கூடினால் வெளிச்சம் ஏறும், குறைந்தால் இறங்கும், இன்ன நாளென்று கணக்கில்லை. அதற்கும் நமக்கும் நடுவே, நேர்கோட்டில், நம் பால்வீதி போல இன்னொரு நட்சத்திரக் கூட்டம் வந்து நின்றுவிட்டால் அதன் கனம் வெளிச்சத்தை வளைத்துவிடும். அந்தப் பக்கமாகச் சுற்றி ஒன்று, இந்தப் பக்கமாகச் சுற்றி ஒன்று. ஒரே பொருள், வானத்தில் இரண்டாகத் தெரியும்.

"ஒரே குவேசார்தான்னு எப்படிச் சொல்லுத? பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தனித்தனி நட்சத்திரமா இருந்தா?"

"அதுதான் கேள்வி மாமா" என்றாள். இப்படி ஒரு கேள்வியை அவளுடைய வகுப்பில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு வழியும் ஒரே நீளம் இல்லை. ஒரு வழி சற்றே சுற்று. அதனால் முதல் புள்ளி இன்று மினுங்கினால், அதே மினுங்கல், அதே ஏற்றம், அதே இறக்கம், சில வாரம் கழித்து இரண்டாவது புள்ளியிலும் வரவேண்டும். வந்தால் ஒரே குவேசார். வராவிட்டால் வெறும் கடலை.

டிசம்பரில் முதல் புள்ளி ஒரு வேலை செய்திருக்கிறது. கோடு போட்டுக் காட்டினாள். உயரமாக ஒரு ஏற்றம், சடாரென்று பள்ளம், பக்கத்திலேயே சின்னதாக ஒரு மேடு. நம்மூர்க் கோயிலை வடக்கே நின்று பார்த்தால் ராஜகோபுரமும் தள்ளிச் சன்னதிமேல் விமானமும் தெரியுமே, அச்சாக அதே.

"இந்தக் கோபுரம் ரெண்டாவது புள்ளியில எப்ப வரும்?"

"என் கணக்கு சரின்னா, எட்டு வாரம். முன்னப்பின்ன இருக்கலாம்."

ஏப்ரலோடு அவளுக்குக் கொடுத்த காலம் முடிகிறது. இதற்கு முன் அகப்பட்டவையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொய்த்துவிட்டன. இதுவும் பொய்த்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அத்தான் ஒரு பள்ளிக்கூட வேலை சொல்லி வைத்திருக்கிறார். அதுவரை வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளுடைய பேராசிரியை சன்யால் அம்மாள் உத்தரவு.

நான் கல். என்னிடம் போனது என்னோடு சரி.

ஜனவரி 9

ஆஸ்பத்திரி. நர்ஸிடம் மட்டும் சொன்னேன். கேரளத்துப் பெண், நம்மூர் இல்லை.

ஜனவரி 11

அக்கா போன். கோமதியக்கா எந்த ஊர் ராஜாவிடம் பேசினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சாப்ட்டியா?" செல்வியிடம் அதைக் கேட்டாள், அப்புறம் அதையே இன்னொரு தினுசில் கேட்டாள், வைத்துவிட்டாள். பக்கத்தில் அத்தான் பரமசிவம் இருக்கிற சத்தம் கேட்டது. டி.வி.யின் ஒலியைக் குறைத்தார். பேசவில்லை.

அவர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். மகள் பக்கத்திலேயே டீச்சராக இருக்க வேண்டும் என்று ஆசை. அவள் பெங்களூர் ரயில் ஏறிய நாளிலிருந்து மூன்று வருஷமாக அவளிடம் பேச்சில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அத்தான் தட்டவே மாட்டார். சொல்லத்தான் நேரம் அமையவில்லை. நான் போன் செய்யும்போதெல்லாம் அவர் குளித்துக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 16

பொங்கலுக்கு ஊரில் இல்லாத குறையை ஒரே அடியில் தீர்த்துவிட்டேன். கடையைப் பார்த்துக்கொள்ளும் மாடசாமியிடம் ரகசியமாகச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினாறு அடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ். வாசகம் நானே போனில் சொன்னேன்:

அண்டம் அளந்த ஆவுடைச்செல்வி!
இரட்டைக் குவேசார் கண்ட எங்கள் குலவிளக்கே!
வாழ்த்தி வணங்கும் தாய்மாமன் பாண்டி ஒலி ஒளி.

நடுவில் கடலைப் படம். கூலிங் கிளாஸோடு என் படம் ஒரு பக்கம் முழுக்க. செல்வியின் படம் காலேஜ் கார்டில் இருந்து எடுத்தது, பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகப் போகிறதாம். அதனால் அளவாக வைக்கச் சொன்னேன். அவள் புள்ளிக்குப் பழகியவள்தான்.

ஜனவரி 19

செல்வி சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள். அவளோடு வேலை பார்க்கிற திருநெல்வேலிப் பையனுக்கு யாரோ ஃப்ளெக்ஸ் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

"என்ன மாமா இது?"

"நல்லா வந்திருக்குலா? கலர்தான் கொஞ்சம் தூக்கல்."

"கண்டேன்னு போட்டிருக்கீய. நான் இன்னும் காணல மாமா."

"காணத்தானட்டி போற."

"போறேனான்னு எனக்கே தெரியாது. அது தெரியாததுனாலதான் ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன்."

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு போட்டிருப்பேன். அவள் போடவில்லை. உள்ளே போய், நான் கழுவி வைத்திருந்த அரிசியை மறுபடியும் கழுவினாள். நான் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்தேன். இங்கே விற்கிற வெங்காயம் அநியாயக் காரம்.

ஜனவரி 20

சன்யால் அம்மாளிடம் செல்வி தானே போய்ச் சொல்லிவிட்டாள். யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், என் பக்கம்தான்.

அந்த அம்மாள் ஃப்ளெக்ஸ் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிதாக இருக்கிறாரே, இவர்தான் குவேசாரா?" என்று கேட்டாராம். சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இப்போது ஒரு ஊரே இரண்டாவது கோபுரத்தை எதிர்பார்க்கிறது. நீயும் எதிர்பார்க்கிறாய். ஆசை இருக்கிற கண்ணால் அளக்கக் கூடாது" என்று ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்.

இனி வருகிற படங்கள் நேராகச் செல்வியிடம் வராது. அந்த அம்மாள் தேதியை மறைத்து, சீட்டுக் குலுக்குவது மாதிரி கலைத்துத் தருவார். பழைய படங்களையும் இடையிடையே செருகிவிடுவார். எது முந்தியது எது பிந்தியது என்று தெரியாமலே ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளியின் வெளிச்சத்தையும் செல்வி அளக்க வேண்டும். ஏப்ரல் பத்தாம் தேதி தேதிகளைத் திறப்பார்கள். கோபுரம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

என் தொழிலில் எத்தனை பல்பு கட்டினாய் என்று கேட்டால் வாயில் வந்ததைச் சொல்வோம். இங்கே தன்னையே நம்பாமல் தன் கண்ணை மறைத்துக்கொண்டு அளக்கிறார்கள். பெரிய மனசு வேண்டும் இதற்கு. ஃப்ளெக்ஸ் இல்லாவிட்டால் இந்த நல்ல ஏற்பாடே வந்திருக்காது என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 22

மாடசாமி போன். "அண்ணாச்சி, உங்க அத்தான் வந்தாவ. ஒத்த வார்த்தை பேசல. ஏணிய மட்டும் கேட்டாவ. அவியளே ஏறி ஃப்ளெக்ஸை அவுத்து, சுருட்டி, ஸ்கூட்டர்ல வச்சிக் கொண்டு போயிட்டாவ."

எனக்கு வந்த கோபத்தில் முழங்கால் முழுசாக மடங்கிவிட்டது. பெற்ற மகளின் பெருமை ஒரு மனுஷனுக்கு இப்படிக் குத்துமா! செல்வியிடம் சொன்னேன்.

"கிழிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"சுருட்டுனாராம்."

"ஒழுங்கா சுருட்டுனாங்களா, கசக்குனாங்களா?"

"அதை மாடசாமி சொல்லல."

படத்துக்குத் திரும்பிவிட்டாள்.

பிப்ரவரி 3

"இன்னிக்கு ரெண்டாவது புள்ளி கூடிச்சா?"

"தெரியாது மாமா."

பிப்ரவரி 4

தெரியாதாம்.

பிப்ரவரி 14

செல்விக்காகச் சமையலறையில் ஒரு ஏற்பாடு. ஊரிலிருந்து பழைய கண்ட்ரோல் பெட்டி ஒன்றை வரவழைத்து, இரண்டு வரிசை சீரியல் பல்பு மாட்டினேன். முதல் வரிசை ஏறி இறங்கினால், சற்று நேரம் கழித்து இரண்டாவது அதே மாதிரி ஏறி இறங்கும். அலமாரியைச் சுற்றி ஒன்று, ஜன்னலைச் சுற்றி ஒன்று.

அவள் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"அழகா இருக்கு மாமா. ஒரே ஒரு திருத்தம். இதுல ரெண்டு வரிசை இருக்கு. அங்க ரெண்டு கிடையாது. ஒரே விளக்குதான். அது ரெண்டு வழியா வந்து சேருது."

"அதைத்தான நானும் சொல்லுதேன்!"

"அது புறப்பட்ட காலத்துல நம்ம பூமியே உருவாகல மாமா. சூரியனும் இல்ல. அம்புட்டுக் காலம் ரெண்டு வெளிச்சமும் ஓடி வருது. கடைசியில வித்தியாசம் வெறும் ரெண்டு மாசம்."

வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். சங்கரன்கோவிலிலிருந்து மதுரைக்கு ஒரே நேரத்தில் கிளம்புகிற இரண்டு பஸ் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. இதையெல்லாம் கையளவு சாம்பல் சதுரத்தில் பார்த்துச் சொல்கிறாளே, இவளுக்கு நான் கையைப் பிடித்து நடை பழக்கினேன். அப்போதும் அவள்தான் முன்னால் போவாள்.

மார்ச் 2

அந்த மலையில் மேகமாம். ஒரு வாரமாகப் படம் இல்லை. செல்வி மூன்று நாளாக ஒரே சுடிதாரைப் போடுகிறாள். கோபுரம் மேகத்துக்குள் வந்து போயிருந்தால்? கேட்கவில்லை. உருளைக்கிழங்கு வறுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 8

மேகம் விலகியது. சுடிதார் மாறியது.

மார்ச் 19

முழங்கால் தேறிவிட்டது, வேண்டுமானால் ஊருக்குப் போகலாம் என்றார் டாக்டர். இன்னும் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். எனக்குத்தானே தெரியும் எங்கே வலிக்கிறதென்று.

மார்ச் 24

அக்கா போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஏலே, உங்க அத்தான் காலண்டர்ல ஏப்ரல் பத்தை வட்டம் போட்டு வச்சிருக்காவ. என்னன்னு கேட்டா, பூ சீசனுங்காவ. அன்னிக்கு என்னலே சீசன்?"

"நீ எதையும் உளறிட்டியா?"

"நான் என்னத்த உளறுனேன்? செல்வி என்கிட்ட சொன்னதைத்தான் சோறு போடும்போது சொல்லுவேன். அவிய பாட்டுக்குச் சாப்பிடுவாவ. அன்னிக்கு ஒருநாள்தான், அந்த அம்மா எதுக்குத் தேதிய மறைக்குன்னு கேட்டாவ."

விஷயம் புரிந்துவிட்டது. ஏப்ரல் பத்தில் பொய்த்துப்போனால் பதினொன்றாம் தேதி பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தயாராக இருக்கிறார். கல் நெஞ்சு. செல்வியிடம் சொன்னேன். அவள் ஏனோ முகம் மலர்ந்து, "அப்பா அதைக் கேட்டாங்களா?" என்றாள். சின்னப் பெண், சூது தெரியாது.

ஏப்ரல் 9

இட்லிக்கு ஆட்டினேன். உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. இரண்டாவது முறை போட்டேன்.

ஏப்ரல் 10

ஆராய்ச்சி நிலையத்துக்கு நானும் போனேன். "வாங்க மாமா, நீங்களும் இதுல மாட்டுனவியதான" என்று செல்வி கூப்பிட்டாள்.

சன்யால் அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "குவேசார்!" என்றார். இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை.

சுவரில் பெரிய திரை. முதல் புள்ளியின் கோபுரம் நீலத்தில் ஏற்கெனவே இருந்தது. அந்த அம்மாள் ஒரு விசையைத் தட்டினார். இரண்டாவது புள்ளியின் அளவுகள் சிவப்பில், ஒவ்வொன்றாக, தத்தம் தேதியில் போய் உட்கார ஆரம்பித்தன.

முதலில் ஒன்றுமே இல்லை. தட்டையாக, தெப்பக்குளத்துத் தண்ணீர் மாதிரி. ஜனவரி தட்டை. பிப்ரவரி பாதி தாண்டியும் தட்டை. எட்டு வாரம் வந்தது, தாண்டியது. தட்டைதான். செல்வியின் கை என் சட்டை நுனியைப் பிடித்தது. சின்ன வயதில் தேர்க்கூட்டத்தில் பிடித்த அதே நுனி. அந்த அறையில் ஏ.சி.கூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு புள்ளி சற்றே மேலே உட்கார்ந்தது. அடுத்தது அதற்கு மேல். அடுத்தது அதற்கும் மேல். இடையில் ஒரு வெற்றிடம், மேகம் இருந்த வாரம். அதைத் தாண்டி உச்சி. சடாரென்று பள்ளம். பள்ளத்தில் நாலைந்து. அப்புறம், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் இது ஒன்றை நான் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு. விமானம்!

நான் கைதட்டிவிட்டேன். செல்வி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை, முதல்லேருந்து" என்றாள். இரண்டாம் முறையும் அதே. நீலக் கோபுரத்தைப் பிடித்து மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினாள். எட்டு வாரத்துக்கு இல்லை, பதினொன்றுக்குப் பக்கத்தில், அது சிவப்புக் கோபுரத்தின் மேல் போய் அப்படியே படிந்தது. தேதி தெரியாமல், முன்பின் தெரியாமல், அவள் கையால் ஒவ்வொன்றாக அளந்த கோபுரம்.

அப்போதுதான் சட்டை நுனியை விட்டாள்.

சன்யால் அம்மாள் அங்கேயே ஒரு வருஷ நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டார். செல்வி என் பக்கம் திரும்பி, "இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கு மாமா. பெரிய தொலைநோக்கியில ரெண்டோட வெளிச்சத்தையும் பிரிச்சுப் பாக்கணும். அதுவரை 'அநேகமா'தான்" என்றாள்.

"இப்ப ஃப்ளெக்ஸ் வைக்கலாமா?"

"வைங்க. 'அநேகமா'ன்னு சேத்து வைங்க."

உலகத்தில் அநேகமாக என்று ஃப்ளெக்ஸ் வைத்தவன் எவன்! அந்த 'அநேகமா'வையே ராத்திரி செல்வி அக்காவிடமும் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வெகுநாள் கழித்துக் கேட்கிற சிரிப்பு.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. காலையில் மாடசாமி ஒரு படம் அனுப்பினான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பழைய இடத்திலேயே, நம் ஃப்ளெக்ஸ்! ஒரு மடிப்பு, ஒரு கசங்கல் இல்லை. நேற்று அத்தான் கொண்டுவந்து, அவரே ஏணியில் ஏறிக் கட்டினாராம். பீரோவில் வேட்டி நடுவே வைத்திருந்தாராம், அக்காவுக்கே தெரியாதாம். "பொய்யாப் போனா புள்ள ஊருக்குள்ள எப்படித் தலைகாட்டும்னுதான் அன்னிக்கு அவுத்தேன்" என்று மாடசாமியிடம் சொன்னாராம். இதைத்தான் நான் முதலிலிருந்தே சந்தேகப்பட்டேன்.

என் படம் இருந்த பக்கம் மட்டும் இல்லை. எலி கடித்துவிட்டதாம். மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாகக் கடித்திருக்கிறது. பூ மார்க்கெட் எலிகள் கெட்டிக்கார எலிகள்.

இன்னொன்றும் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிச் செல்விதான் காட்டினாள். 'குவேசார் கண்ட' என்கிற இடத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, பூ விலை எழுதுகிற அந்தச் சிவப்பு மசியில், அத்தானின் கோணல் எழுத்தில்: அநேகமாக.

அதை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா போன். "சாப்ட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள் செல்வி. பிறகு அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம். டி.வி. அணைகிற சத்தம். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே கேள்வி, வேறு குரலில்:

"சாப்ட்டியாம்மா?"

இப்போதுதானே பதில் சொன்னாள், மறுபடி என்ன கேள்வி என்று நான் சொல்ல வந்தேன். செல்வி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னும் இல்லப்பா" என்றாள். "நீங்க சாப்ட்டியளா?"

நான் அடுக்களைக்குப் போய் வெங்காயம் உரித்தேன். இன்றும் நல்ல காரம்.